நான்காம் நம்பர் டீசல் காரும் நான் பேசாத டிரைவரும்

டீசல் வண்டியில் வேலை பார்த்தவனுக்கு அடையாள அட்டை தேவையில்லை. நகக்கண்ணைப் பார்த்தால் போதும், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆனாலும் அந்தக் கறுப்பு போவதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முதலில் வண்டி துடைக்கிற கலாசியாக இருந்தேன். பிறகு எஞ்சினோடு கூடவே போகிற ஃபிட்டர் ஆனேன். எங்கள் வண்டிக்கு மூன்று பெட்டி. முன் பெட்டியில் டிரைவர் அறை, அதற்குப் பின்னால் தகரம் அடித்த எஞ்சின் அறை, அதற்கும் பின்னால் ஜனங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை ஒரு குட்டி ஸ்டேஷனைக்கூட விடாமல் நின்று நின்று போகும். எங்கள் பக்கத்தில் அதற்கு டீசல் கார் என்று பெயர். கோபம் வந்தால் இருமல் வண்டி. உங்களில் பலர் அதில் கரி படிந்த சட்டையோடு ஆபீசுக்குப் போயிருப்பீர்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பட்ட பாட்டை நான் இருபத்தாறு வருஷம் பட்டேன். ஆகவே பழைய டீசல் வண்டி என்ன அழகு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அப்படிப்பட்ட நான் அதே வண்டியைக் காப்பாற்ற ஓடினேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. மின்சாரக் கம்பி வந்த பிறகு எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக இரும்புக்கடைக்குப் போயின. நான்காம் நம்பர் மட்டும் ஒரு ஸ்டேஷனின் கடைசித் தண்டவாளத்தில் செடிக்குள் மறந்து கிடந்தது. போன வருஷம் புதிதாக வந்த ஓர் அதிகாரி அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு வைக்கலாமே என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. கிரேன் தரமாட்டோம். அந்தப் பழைய தண்டவாளம் பெரிய எஞ்சினின் எடையைத் தாங்காது, அதனால் தள்ளவும் முடியாது. வண்டி முந்நூறு மீட்டர் தூரம் தன் எஞ்சினிலேயே ஓடி வந்து வாசலில் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெட்டி விற்றுவிடுங்கள்.

அந்த எஞ்சின் என் கவனக்குறைவால் கெட்டது என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. வண்டி ஓடினால் அந்த வரி பொய். வெட்டினால் நான் சாகும்வரை அது மெய். அவ்வளவுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் உள்ள பாசம். அதிகாரி அம்மா போன் செய்து கூப்பிட்ட அன்று, நான் ஸ்பானர் பையைத் தேடுவதைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "வீட்டு மோட்டாரு மூணு மாசமா ஓடல்ல, அதப் பாக்க ஆளில்ல. செத்துக் கெடக்க ரயிலுக்கு மட்டும் வைத்தியரு பொறப்பட்டாச்சு."

குலை பழுக்கும் அறை

எஞ்சின் அறையில் பத்து நிமிஷம் நின்றால் சட்டையைப் பிழியலாம். ஆனால் அந்தச் சூட்டுக்கும் கிராக்கி இருந்தது. அருமனைப் பக்கத்திலிருந்து வாழைக்குலை கொண்டுவரும் தாசையன் என்ற வியாபாரி ஒரு நாள் ஒரு பச்சை ஏத்தன்குலையை என் அறையில் கட்டித் தொங்கவிட்டுப் போனார். இரண்டு நாளில் அது தங்கமாகப் பழுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் குடோன் தேடவில்லை. எங்கள் டிரைவர் அற்புதம் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். மீன் இல்லாமல் சோறு இறங்காது, பழம் இல்லாமல் வண்டி நகராது. தினமும் நாலு பழம் அவருக்கு.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து எஞ்சின் அறைக் கதவைத் திறந்தார். ஏழு குலை ஆடிக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டார். அற்புதம் வாயிலிருந்த பழத்தை மென்று விழுங்கிவிட்டு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது எனக்கு மட்டும். அன்று நடந்ததிலேயே என்னால் இன்றும் பொறுக்க முடியாதது வேறொன்று. அதிகாரி நிற்பது தெரியாமல் தாசையன் உள்ளே ஏறி வந்து, குலையை விரலால் அமுக்கிப் பார்த்து, அவரிடமே சொன்னார்: "மேல்ச்சீப்பு பழுத்தாச்சு சாரே. கீழ்ச்சீப்புக்கு இன்னும் ஒரு திருவனந்தபுரம் போய்ட்டு வரணும்."

மயினி ஏறும்வரை

பனவிளை ஹால்ட்டில் எங்கள் வண்டிக்கு ஒரு நிமிஷம் நிறுத்தம். அங்கே தினமும் ஏறுகிற ஒருவர், ஒரு காலைப் படியிலும் ஒரு காலை பிளாட்பாரத்திலும் வைத்து நின்றுகொண்டு, "வண்டிய பைய எடும் வே, மயினி வாறாவ, அவியளுக்கு முட்டுவலி" என்பார். மயினி என்றால் அண்ணன் மனைவி. தூரத்தில் தென்னைமரங்களுக்கு நடுவில் ஒரு குடை வரும். அது எவ்வளவு நேரம் பார்த்தாலும் வந்துகொண்டே இருக்கும். கார்டு பிள்ளை பச்சைக் கொடியைப் பாதி தூக்கிக்கொண்டு நிற்பார். வண்டிக்குள் யாரும் முணுமுணுப்பதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு மயினி இருக்கிறாள்.

வண்டி தாமதமானால் காரணம் எழுத வேண்டும். எழுதுகிற தாளில் சிக்னலுக்கு ஒரு கட்டம், எஞ்சினுக்கு ஒரு கட்டம். மயினிக்குக் கட்டம் இல்லை. ஆகவே வருஷக் கணக்கில் எல்லா மயினிகளும் எஞ்சின் கோளாறாகத்தான் ஏறினார்கள், எல்லாக் கோளாறும் என் பெயரில்தான் இறங்கியது. ஒரு நாள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனில், தினமும் அதே ஹால்ட்டில் என்ன கோளாறு என்று சத்தம் போட்டார்கள். கார்டு பிள்ளை நாஞ்சில் நாட்டு வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர், பொய் சொன்னால் அவருக்குச் செரிக்காது. அவர் சொன்னார்: "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல சார், கோளாறு மயினிக்க முட்டுல."

சூடு மணி

எஞ்சின் சூடு எல்லை தாண்டினால் டிரைவர் அறையில் ஒரு மணி அடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பாதையில் ஓர் ஏற்றம் உண்டு. ஆள் நிறைந்த வண்டி அதில் ஏறும்போது அந்த மணி தினமும் கிடந்து அலறும். ஏற்றம் முடிந்தால் தானாக நிற்கும். தினமும் அலறுகிற மணியை எவன் மதிப்பான்? டிரைவர்கள் எல்லாரும் மணிக்கும் அதை அடிக்கிற சுத்திக்கும் நடுவில் ஒரு துணியைச் செருகிவிடுவார்கள். ஏற்றம் முடிந்ததும் உருவி எடுக்க வேண்டும். மறந்தால், நிஜமாகவே எஞ்சின் கொதிக்கும்போது வண்டி ஊமையாகிவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நாள், நான் கடைசிப் பெட்டியில் சிக்கிக்கொண்ட கதவைச் சரி செய்துகொண்டிருந்தேன். எஞ்சினில் தண்ணீர்க் குழாயின் கிளிப் கழன்று, காலையில் நான் வாய்வரை ஊற்றிய தண்ணீர் முழுவதும் வழியெல்லாம் கொட்டிப் போய்விட்டது. எஞ்சின் கொதித்து நடுவழியில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரே ஆவி. மணி அடிக்கவில்லையா என்று அற்புதத்திடம் கேட்டேன். "அடிக்கல்ல" என்றார். மணி அடித்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் வண்டியை நிறுத்திக் குழாயைக் கட்டியிருப்பேன்.

விசாரணையில் அற்புதம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். மணி அடிக்கவில்லை, எஞ்சினில் தண்ணீர் இல்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் தண்ணீர் சூடானால்தான் மணி அடிக்கும்; ஆகவே அந்த இரண்டு உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் தண்ணீரே ஊற்றவில்லை என்று ஆகிவிட்டது. எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல், உள்ளே இறுகிப்போய்விட்டது என்று எழுதினார்கள். இன்னொரு டீசல் கார் அதைத் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் விட்டது. யாரும் மணியைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஊற்றினேன் ஊற்றினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விசாரித்த அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கீருல்லா? தண்ணி ஊத்த அது போதுமே ஓய்."

மூன்று பெட்டி சுற்றி

அன்றோடு அற்புதத்தோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் வேறு வண்டி தந்தபோதும் அதே டிரைவர், அதே ஃபிட்டர். வேலை நடக்க வேண்டுமே. எஞ்சினில் எண்ணெய் குறைந்தால், டிரைவருக்கு நாலடி தூரத்தில் நிற்கிற நான், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, கடைசிப் பெட்டியில் இருக்கிற கார்டு பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொல்வேன். பிள்ளை போனை எடுத்து டிரைவரிடம் சொல்வார். டிரைவர் பதில் சொல்வார். பிள்ளை அதை என்னிடம் சொல்வார். வண்டி கிளம்புவதற்குள் நான் திரும்ப முன்னால் ஓட வேண்டும். இப்படி ஐந்து வருஷம் ஓடினேன். சர்க்கரை வியாதி வராமல் போனதற்கு டாக்டர் என்னைப் புகழ்ந்தார். உண்மையில் அது அற்புதத்தின் கைங்கரியம்.

அற்புதம் என்னைவிட நாலு மாதம் முன்னால் ஓய்வு பெற்றார். மாலையை என் கையில் தந்து போடச் சொன்னார்கள். நான் அதைப் பிள்ளையிடம் தந்து போடச் சொன்னேன். மாலை போட்டுவிட்டு வந்து பிள்ளை என் காதில் சொன்னார்: "நான் கார்டா, கல்யாணத் தரகனா ஓய்? தரகன்னா ரெண்டு வீட்டுலயும் காப்பியாவது கிட்டும்."

அடைகாத்த சீட்டு

இப்போது செடிக்குள் கிடந்த நான்காம் நம்பருக்கு வருகிறேன். அதிகாரி அம்மா எனக்கு ஐந்து வாரம் தந்தார். கார்டு பிள்ளையும் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்ததால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட வந்துவிட்டார். கொடிகளை வெட்டி இழுக்கவே இரண்டு நாள். உள்ளே போனால் முதல் பெட்டி முழுக்கத் தேங்காய் உரித்த தொண்டு, இரண்டாவது பெட்டியில் பாயை விரித்து நல்லமிளகு காய்கிறது, ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துவைத்த சாரமும் சட்டையும் தொங்குகின்றன. வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருக்கிற ரெஜினா என்ற பெண் பதினோரு வருஷமாக அந்த வண்டியைச் சொந்தமாக நடத்தி வந்திருக்கிறாள். எங்களைவிட ஒழுங்காக நடத்தியிருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்டுகளையும் மிளகையும் அவள் பேசாமல் எடுத்துக்கொண்டாள். டிரைவர் சீட்டில்தான் சண்டை. அதில் ஒரு கோழி அடை இருந்தது. நான் கையை நீட்டினேன், கோழி கொத்தியது. ரெஜினா ஓடி வந்து, "எழுப்பண்டாம் அண்ணாச்சி, பாவம் கிட்டும். இன்னும் நாலு நாள்ல பொரிச்சிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. ஆனால் பதினோரு வருஷத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து பொறுப்பாக வேலை பார்த்த ஒரே ஜீவன் அதுதான் என்று பட்டது. விட்டுவிட்டேன். தினமும் மாலையில் வேலை எதுவரை வந்தது என்று அதிகாரி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். கோழி அடை இருப்பதால் டிரைவர் அறையில் வேலை நடக்கவில்லை என்று சொன்னேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு சொன்னார்: "சரி, பொரிந்ததும் எத்தனை குஞ்சு என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்."

எஞ்சின் அசைந்த நாள்

எஞ்சின் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சக்கரப் பல்லில் நீளமான கம்பியைக் கோத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் உயிர் இருக்கிறது. சுற்றாவிட்டால் என் சர்வீஸ் புத்தகத்தில் எழுதியது சரி. நான் உள்ளே எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டேன். அந்த ஒரு வாரமும் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. வேண்டுமென்றே பம்பு, குழாய், பெல்ட் என்று மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியைக் கையில் எடுக்க எனக்குப் பயம்.

எட்டாம் நாள் பிள்ளை கம்பியை எடுத்து என் கையில் தந்தார். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் தொங்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை. உள்ளே எங்கோ ஒரு முனகல். பிறகு ஒரு விரற்கடை அசைந்தது. அதற்குப் பிறகு பைய ஒரு முழுச் சுற்று வந்தது. நான் எண்ணெயும் அழுக்குமாக இருந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே மூச்சில் டிரைவர் அறைக்குப் போய் மணியின் மூடியைக் கழற்றினேன். மணிக்கும் சுத்திக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி செருகியபடியே இருந்தது. நீலக்கட்டம் போட்ட, தலை துவட்டுகிற துவர்த்து. அற்புதத்தின் தோளில் இருபது வருஷம் நான் பார்த்த அதே நீலக்கட்டம், அதன் ஒரு மூலை. உருவக் கை போனது. ஆனால் எடுக்கவில்லை, அப்படியே மூடினேன். பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு நாளா மணிக்க தொண்டையில கெடந்திருக்கு. நல்லவேளை, எலிக்கு நீலம் பிடிக்கல்ல."

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர்

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய என்னால் முடியும். ஆனால் ஃபிட்டர் வண்டியை ஓட்டக் கூடாது. இப்போது இருக்கிற டிரைவர்களுக்கு மின்சார வண்டிதான் தெரியும். நான்காம் நம்பரை ஓட்டத் தெரிந்து, உடம்பும் நல்லபடி இருக்கிற ஆள் ஒருவர்தான். அதிகாரி அம்மா அற்புதத்தை அழைக்கட்டுமா என்று கேட்டார். வரட்டும், ஆனால் நான் பேச மாட்டேன், பிள்ளை வழியாகத்தான் எல்லாம் என்றேன். அம்மா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

அற்புதம் ஒரு கையில் சாளை மீன் பொதியோடு வந்து இறங்கினார். மீனைப் பிள்ளையிடம் தந்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினார். நான் எஞ்சின் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சீட்டைத் தட்டினார். கோழி இறகு பறந்தது. பிரேக்கைத் தொட்டார். பிறகு பழக்கத்தில் கை மணிக்குப் போனது. மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணியை உருவினார். அது பப்படம் மாதிரி விறைத்திருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பவே இல்லை. இப்போது கேட்பார், இப்போது ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் சீட்டில் உட்கார்ந்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "பிள்ளே, எஞ்சின்ல தண்ணி ஊத்தியாச்சான்னு ஃபிட்டர்கிட்ட கேளும்."

அணைக்கச் சொன்னார்கள்

டீசல் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று. பேட்டரி நம்பிக்கையில்லாத எஞ்சினை, ஸ்டார்ட் ஆகிவிட்டால் அணைக்கவே கூடாது. சும்மா நின்றாலும் உறுமிக்கொண்டே நிற்கட்டும். எங்கள் வண்டியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கருங்கல் ஊரில் ஒரு லாரி பட்டறைக்காரர் இரவலாகத் தந்த பேட்டரிகளை வரிசையாகக் கோத்து வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு ஸ்டார்ட்டுக்குத்தான் உயிர். மறுபடி சார்ஜ் ஏற வழியில்லை.

வண்டியை வாசலுக்கு ஓட்டிக் கொண்டுபோகும் விழா நாளில், காலை ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் நாலு தடவை இருமி, ரெஜினாவின் கொடியில் காய்ந்த துணி முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, ஓட ஆரம்பித்தது. கொடியசைத்து அனுப்ப மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பத்தரைக்கு வந்தார். பந்தல் வண்டிக்கு இருபதடியில். அவர் மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். எஞ்சின் சத்தத்தில் அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஓர் ஆள் என்னிடம் ஓடி வந்தான். அணைத்தால் அப்புறம் ஓடாது, இரும்புக்கடைதான் என்று அவன் காதில் கத்தினேன். ஓடிப்போனான். மறுபடி வந்தான். பெரியவர் கோபமாக இருக்கிறார், பேச்சு முடியும்வரைக்குமாவது அணைக்க வேண்டும் என்றான். நான் எஞ்சின் அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

ஆனால் டிரைவர் அறையிலும் எஞ்சினை நிறுத்துகிற பொத்தான் உண்டு. அந்த ஆள் அங்கே ஓடுவதைத் தகரத்தின் ஓட்டை வழியே பார்த்தேன். மேலதிகாரி சொன்னால் கையெழுத்துப் போடுகிறவர்தானே அற்புதம். ஒரு நிமிஷம் போனது. எஞ்சின் நிற்கவில்லை. அற்புதம் ஜன்னல் வழியே தலையை நீட்டி அந்த ஆளிடம் என்ன சொன்னார் என்பது பிறகு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "ஃபிட்டர் சொல்லாம நான் கை வைக்க மாட்டேன். தண்ணிய அவரு பாத்திருக்காரு, எண்ணெய அவரு பாத்திருக்காரு, அணைக்கதையும் அவருதான் சொல்லணும்."

ஆறவிட்ட ஐந்து நிமிஷம்

பெரிய அதிகாரி விடாமல் பேசினார். வாய் மூடியபோது எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கொடி அசைந்தது. வண்டி ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து, முன்னால் குலுங்கி, நகர்ந்தது. நான் தண்ணீர்க் குழாயின் கிளிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். அது நன்றாகத்தான் இறுகியிருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். முந்நூறு மீட்டர் தூரம் அன்று எனக்கு முந்நூறு மைல். சொன்ன இடத்தில், ஒரு சாண் கூடாமல் குறையாமல், அற்புதம் நிறுத்தினார். பிரேக் போடுவதில் அவரைக் குறை சொல்ல என்னாலும் முடியாது. வாசலில் வைத்திருந்த பலகையின் திரையை அதிகாரி அம்மா விலக்கினார். தன் எஞ்சினிலேயே ஓடி வந்து இங்கே நின்ற டீசல் கார் என்று எழுதியிருந்தது. எஞ்சின் அறைக் கதவைத் திறந்து, தலையை நீட்டி, இரண்டு தடவை படித்தேன். என் சர்வீஸ் புத்தகத்தை இனி யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? பலகையை ரயிலுக்கு வருகிற அத்தனை பேரும் படிப்பார்கள்.

இனி எஞ்சினை அணைக்கலாம். ஆனால் பாரம் இழுத்து வந்த எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, உள்சூடு ஆறிய பிறகே அணைக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் நான் அதைத் தவறவிட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அற்புதம் எஞ்சின் அறைக்குள் வந்தார். என் எதிரே நின்றார். பேச ஆரம்பித்தார். வாய் அசைகிறது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த நீலக்கட்டத் துணியை எடுத்துக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார், மறுபடி பேசினார். தண்ணீர் என்று ஒரு தடவை உதடு சொன்னது போல இருந்தது. பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான். கடிகாரம் மூன்று நிமிஷம்தான் என்றது. கையை எடுத்தேன், வைத்தேன். அணைக்கவில்லை. அவர் பேசி முடித்து, துணியைப் பையில் வைத்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்து நிமிஷம் ஆனதும் அணைத்தேன். காதுக்குள் அமைதி இரைந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, பிள்ளை இல்லாமல், நானே அவரிடம் வாயைத் திறந்தேன். "என்ன சொன்னீரு?" என்று கேட்டேன். அற்புதம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்றதும் சொன்னார்: "ஒண்ணும் கேக்கல்லியா? ஒரு தடவ சொல்லுததுக்கே பதினோரு வருஷம் ஆச்சு வே. இன்னொரு தடவைக்கி நமக்க ரெண்டு பேருக்கும் ஆயுசு கெடக்கா?"

ஆகவே இன்றைய நிலவரப்படி, ஓடுகிற நிலையில் பாதுகாத்து வைக்கப்பட்டிருப்பவை இரண்டு: ஸ்டேஷன் வாசலில் நான்காம் நம்பர் டீசல் கார், என் வீட்டில் அற்புதத்தின் மேல் எனக்குள்ள கோபம்.